ஒன்பதாம் எண் படத்துக்காரி

நாற்பது நிமிஷம் வைத்திருக்கச் சொல்லி பாக்கெட்டில் போட்டிருக்கிறது, நான் எப்போதும் நாற்பத்தைந்து வைப்பேன், தடவியதுதான் தடவினோம், நன்றாக இறங்கட்டுமே என்று. மணி பதினொன்று ஐந்து. பதினொன்று ஐம்பது வரை தலையில் கை வைக்க முடியாது, சாய முடியாது, சமையலறைக்குள் போனால் ஏதாவது ஒன்றில் கறை பிடிக்கும், அதனால் பின்பக்கம் துணி காயப்போடும் இடத்தில் பிளாஸ்டிக் நாற்காலியைப் போட்டு உட்கார்ந்துவிட்டேன். மாதத்தில் இந்த முக்கால் மணி நேரம்தான் யாரும் என்னை எதற்கும் கூப்பிட முடியாத நேரம், கூப்பிட்டாலும் தலையைக் காட்டிவிடலாம், அதனாலேயே நரைத்ததில் எனக்குப் பெரிய வருத்தம் கிடையாது. தில்லைநகர் வெயில் மதில் மேல் இருந்து மெல்ல இறங்கி என் கால் விரல் வரைக்கும் வந்திருக்கிறது. கழுத்தில் கிழிந்த துண்டு, உடம்பில் டை போடுவதற்கென்றே வைத்திருக்கும் நைட்டி, தலையில் பிளாஸ்டிக் உறை, கையில் பாக்கெட்டோடு வந்த கையுறை, மடியில் இருபத்திரண்டு பெண்கள். இருபத்திரண்டு பேரும் செத்து நூறு வருஷமாவது ஆகியிருக்கும். எங்கள் கான்வென்ட்டுக்கு இது நூற்றைம்பதாவது ஆண்டு, அதற்காகப் பழைய அலமாரிகளைக் காலி பண்ணிய சிஸ்டர் லில்லியன் அடித்தட்டில் ஒரு தோல் ஆல்பத்தைக் கண்டெடுத்தார்கள், பக்கத்துக்கு ஒரு பெண், நாற்காலியில், நின்றபடி, மேஜையில் கை ஊன்றியபடி, பின்னால் படம் எடுத்தவனின் முத்திரை, 1874 என்ற வருஷம், அவ்வளவுதான். எடுத்தவனுக்குப் பெயர் இருக்கிறது, எடுக்கப்பட்டவர்களில் ஒருத்திக்கும் இல்லை. கண்காட்சி வைக்கலாம் என்றார்கள். ஆளுக்கு மூன்று நாலு வரி எழுத வேண்டும், பள்ளிக்கூடத்தில் தமிழ்க் கட்டுரைக்கெல்லாம் நீதானே பரிசு வாங்குவாய் ஹேமலதா, நீயே எழுது என்றார்கள். எழுதினேன். இன்றைக்குப் பன்னிரண்டு மணிக்கு யூசுப் பாய் கடையில் பெரிய பலகைகளாக மெஷினில் ஏறுகிறது, அதற்கு முன்னால் எழுத்துப்பிழை பார்க்கத்தான் இந்தத் தாள்கள். பிழை இருக்காது. நான் எழுதியதில் பிழை இருந்து யார் பார்த்திருக்கிறார்கள்.

ஒன்றாம் எண், பூச்சாடிக்குப் பக்கத்தில் நிற்பவள், சரி. இரண்டு, சரி. மூன்றாம் எண்காரி கையில் தடிமனான புத்தகம், அதே புத்தகம் பதினோராம் எண்காரி கையிலும் இருக்கிறது, அதே மூலை மடங்கிய அட்டை, அப்படியென்றால் படம் எடுத்தவனுடைய புத்தகம் அது, இவர்கள் படித்தார்களா என்று நமக்குத் தெரியாது, அதை அப்படியே எழுதியிருக்கிறேன். ஏழாம் எண்காரிக்கு இடது கை புகை மாதிரி கலைந்திருக்கிறது, கொசு கடித்திருக்கும், சொறிந்திருப்பாள், அவ்வளவு நொடி அசையாமல் உட்காரச் சொன்னால் யாரால் முடியும், அவளை எனக்கு ரொம்பப் பிடித்துப்போனது. பதினாறாம் எண்காரியின் புடவைக் கொசுவத்துக்குப் பின்னால் இரும்புக் கால் ஒன்று எட்டிப்பார்க்கிறது, தலை ஆடாமல் இருக்கப் பின்மண்டையில் முட்டுக் கொடுத்து நிற்கவைக்கும் கம்பியின் கால், மனுஷிக்கு மூன்று கால் மாதிரி. சிஸ்டர் லில்லியன் முதலில் ஒரு கல்லூரிப் பேராசிரியரை எழுதச் சொல்லியிருக்கிறார்கள், அவர் பத்து படத்துக்கு எழுதிக்கொடுத்ததைப் பார்த்தேன், பத்திலும் சோகம். இவளுடைய கண்களில் சொல்லப்படாத சோகம், இவளுடைய உதடுகளில் உறைந்த சோகம். சோகமாவது. எட்டு நொடி பல்லைக் காட்டிக்கொண்டு அசையாமல் இருந்து பார்க்கட்டும் அந்த மனுஷர், தாடை வலித்து உதடு தானே உறைந்துபோகும். என் ஆதார் அட்டையில் நான் இருக்கிற இருப்பைப் பார்த்தால் நூறு வருஷம் கழித்து அவருடைய கொள்ளுப்பேரன், இந்தப் பெண்மணி சிறையில் இருந்தவர் என்று எழுதுவான். நான் பார்ப்பது அப்படி இல்லை, நான் புடவையைப் பார்ப்பேன், ரவிக்கை அக்குளில் பிடிக்கிறதா தொளதொளவென்று இருக்கிறதா, இரவல் ரவிக்கையா சொந்த ரவிக்கையா, கட்டி எத்தனை நேரமாகியிருக்கும், மடிப்பு கலைந்திருக்கிறதா. வீட்டில் இருக்கிற பெண்பிள்ளைக்கு இது ஒரு வித்தையே இல்லை, கல்யாணக் கூடத்தில் முதல் வரிசையில் உட்கார்ந்து பத்து நிமிஷத்தில் யாருக்கும் யாருக்கும் பேச்சுவார்த்தை இல்லை என்று சொல்லிவிடுவேன்.

"ஹேமா, இந்தச் சர்க்கரை எங்க வச்சே?"

என் வீட்டுக்காரர் வேணுகோபால். வேலையிலிருந்து ஓய்வு பெற்று எட்டு மாதம் ஆகிறது, முப்பத்தைந்து வருஷம் கொதிகலன் செய்தவருக்குச் சர்க்கரை டப்பா கண்ணுக்குத் தெரியாது.

"வச்ச இடத்துலதான் இருக்கு."

"அது எந்த இடம்னுதானே கேக்கறேன்."

"அடுப்புக்கு நேர் மேல, ரெண்டாவது தட்டு, மேல சர்க்கரைன்னு எழுதியிருக்கும், எழுத்துக்கூட்டிப் படிங்க. டாக்டர் உங்களுக்குச் சர்க்கரை போடக்கூடாதுன்னாரே?"

உள்ளே டப்பா மூடி திறக்கிற சத்தம். ஒரு ஸ்பூன். அரை ஸ்பூன் கூட. போடட்டும். பின்னால் வந்து எட்டிப்பார்த்து, "தலை இப்பிடி இருக்கறப்ப நீ பேசினா, மேலேருந்து உத்தரவு வர்ற மாதிரி இருக்கு" என்று சொல்லிவிட்டுக் காபியோடு பேப்பருக்குப் போகிறார். எனக்குச் சிரிப்பு வருகிறது, சிரித்தால் நெற்றியில் டை இறங்கும், அடக்கிக்கொள்கிறேன். நல்ல மனுஷர். ஓய்வு பெற்றால் இந்த மனிதரோடு நாள் முழுக்க எப்படி இருக்கப்போகிறேன் என்று பயந்த பயமெல்லாம் வீண், அவர் பாட்டுக்கு இருக்கிறார், நான் பாட்டுக்கு அதட்டுகிறேன், வீடு ஒரு மாதிரி நிரம்பியிருக்கிறது.

எட்டு, சரி. ஒன்பது. ஒன்பதாம் எண்ணுக்கு வரும்போது வேண்டுமென்றே கொஞ்சம் நிறுத்திக்கொள்கிறேன், விருந்தில் பிடித்த பலகாரத்தைக் கடைசியில் வைத்துச் சாப்பிடுகிற மாதிரி. கை போட்ட நாற்காலியில் நேராக உட்கார்ந்திருக்கிறாள், முப்பது வயதுக்கு மேல், வெளிர்ந்த புடவை, முந்தானையைக் கழுத்தோடு இழுத்துப் போர்த்தியிருக்கிறாள், இரண்டு கையும் மடியில் கவிழ்த்து வைத்திருக்கிறது, கீழே கம்பளத்தில் வெறும் பாதம், பார்வை நம் மேலேயே. நான் எழுதியதை நானே இன்னொரு தரம் படித்துக்கொள்கிறேன். பெயர் தெரியாத விதவை. வெள்ளைப் புடவை, வெறும் நெற்றி, வெறும் கழுத்து, வெயிலில் வெந்த முகம். இழப்பதற்கு இனி ஒன்றும் இல்லாததால்தான் இவ்வளவு நேராக நம்மைப் பார்க்கிறாள். இதைப் படித்துவிட்டு சிஸ்டர் லில்லியன் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்கள். எங்கள் வகுப்பு வாட்ஸப் குழுவில் நாற்பது பேரில் முப்பது பேர் அழுகிற பொம்மையைப் போட்டார்கள். கடைசி வரியை அழைப்பிதழின் மேலேயே அச்சடித்தாகிவிட்டது, அடியில் என் பெயர், திறந்துவைக்க வருகிற கலெக்டர் அம்மா அதைத்தான் மேடையில் வாசிக்கப்போகிறார்களாம். ஐம்பத்து மூன்று வயதில் அச்சில் என் பெயர், மளிகைச் சீட்டும் மருந்துச் சீட்டும் தவிர வேறெதிலும் வராத பெயர். அழைப்பிதழில் இரண்டை எடுத்து பீரோவில் புடவைக்கு அடியில் வைத்திருக்கிறேன், வேணுவுக்குத் தெரியாது. எல்லோரும் புகழ்ந்தபோது சுகிர்தா ஒருத்தி மட்டும் குழுவில் கேட்டாள், விதவைன்னா கையில வளையல் எப்பிடிடி ஹேமா? சுகிர்தா ஜெபமணி, ஆறாம் வகுப்பிலிருந்து என் பக்கத்து இருக்கை, இப்போது இந்தக் கண்காட்சிக்கு அச்சு வேலையெல்லாம் பார்த்துக்கொள்கிறவள், பிளைவுட் வியாபாரி பெண்டாட்டி, எதையும் மெதுவாகக் கேட்பாள், அந்த மெதுதான் எனக்கு ஆகாது. அவை ஸ்டுடியோ வளையல், அடுத்த பக்கத்துக்காரி கையிலும் அதேதான், கண்ணாடி போட்டுப் பார் என்று நாற்பது பேருக்கு முன்னால் போட்டேன். சிரிக்கிற பொம்மைகள் வரிசையாக வந்தன. ஒன்பதாம் வகுப்பில் வினாடி வினாப் போட்டியில் நான்தான் குழுத் தலைவி, கடைசிக் கேள்விக்கு சுகிர்தா என் காதுக்குள் ஒரு பதிலைச் சொன்னாள், நான் அதைக் கேட்காமல் என் பதிலைச் சொன்னேன், கோப்பை ஜங்ஷன் பக்கத்துப் பள்ளிக்கூடத்துக்குப் போனது. கேள்வியே தப்பு என்று இன்றைக்கு வரைக்கும் சொல்லிக்கொண்டிருக்கிறேன். கேள்வி தப்பில்லை. அந்த நினைப்பு இப்போது எதற்கு.

நெற்றி அரிக்கிறது. வாசலின் தடவ மறந்துவிட்டேன், டை தோலில் பிடித்துக்கொண்டால் ஒரு வாரத்துக்கு முகத்துக்குச் சட்டம் போட்ட மாதிரி கறுப்புக் கோடு நிற்கும். பக்கத்துத் திண்டில் வைத்திருந்த கைக்கண்ணாடியை எடுத்துப் பார்க்கிறேன், நினைத்தபடிதான், நெற்றி விளிம்பில் ஒரு கோடு, காதோரம் இறங்கித் தாடைக்கிட்டே வந்து நிற்கிறது, ஈரத்துணியால் தேய்க்கிறேன், கொஞ்சம் போகிறது, கொஞ்சம் போகவில்லை. பூசியதற்கும் பூசாததற்கும் நடுவில் விழுகிற கோடு தனி மாதிரி, வெயில் கோடு அப்படி இருக்காது, வெயில் படிப்படியாகக் கறுக்கும், பூசியது சட்டென்று நிற்கும், விரல் எங்கே நின்றதோ அங்கே. துணியைக் கீழே வைத்துவிட்டு மறுபடி மடியைப் பார்க்கிறேன். ஒன்பதாம் எண்காரியின் தாடைக்குக் கீழே ஒரு கோடு இருக்கிறது. இத்தனை நாள் நிழல் என்று நினைத்திருந்தேன். முகம் கறுப்பு, தாடைக்குக் கீழே முந்தானைக்கு மேலே ஒரு விரற்கடைக் கழுத்து, அது வெளுப்பு. நிழல் என்றால் கழுத்தல்லவா கறுப்பாக இருக்க வேண்டும். சரி, வெயில். வயல் வேலை செய்கிறவள், முகம் கறுத்திருக்கும், அதைத்தானே எழுதியிருக்கிறேன், வெயிலில் வெந்த முகம். கை? கை முகத்தை விட நல்ல வெளுப்பு. முகத்தில் விழுகிற வெயில் முழங்கையில் விழாதா. கையை மூடிக்கொண்டு வேலை செய்திருப்பாளாக இருக்கும். 1874-இல் முழுக்கை ரவிக்கை போட்டுக்கொண்டு நாற்று நட்டாளா, அட முட்டாளே. பாதம். பாதத்தைப் பார்க்காதே, எழுத்துப்பிழை பார்க்கத்தானே உட்கார்ந்தாய், பத்தாம் எண்ணுக்குப் போ. போகவில்லை. பாதம் முகத்தைப் போலவே கறுப்பு, கணுக்கால் வரைக்கும், கணுக்காலுக்கு மேலே புடவை கொஞ்சம் தூக்கியிருக்கிற இடத்தில் சட்டென்று வெளுப்பு. முகமும் பாதமும் மட்டும் கறுத்து, கை கறுக்காமல், தாடையிலும் கணுக்காலிலும் கோடு விழுகிற வெயில் எந்த ஊரில் அடிக்கிறது.

வெள்ளிக்கிழமைகளில் என் மாமியார் குளித்துவிட்டு வெளியே வருவது ஞாபகத்துக்கு வருகிறது, நான் நினைக்கவில்லை, அது பாட்டுக்கு வருகிறது, ஈரத் தலை, மஞ்சள் முகம், மஞ்சள் பாதம், தாடைக்குக் கீழே மஞ்சள் நிற்கிற கோடு, கழுத்துக்கும் தேய்ச்சுக்கக் கூடாதாம்மா என்று நான் கேட்டால் ரவிக்கைல கறையாகும் என்பார்கள். கறையாகும். கையில், தேய்க்கிற உள்ளங்கைதான் மஞ்சளாகும், இவள் உள்ளங்கையை மடியில் கவிழ்த்து வைத்திருக்கிறாள். ஆனால் மஞ்சள் மஞ்சளாகத்தானே இருக்கும், கறுப்பாக எப்படி, என்று நினைக்கும்போதே யூசுப் பாயின் குரல் கேட்கிறது, ஆல்பத்தை அவர் கடைக்குக் கொண்டுபோய் ஸ்கேன் எடுத்த அன்றைக்கு அவர் பாட்டுக்குப் பேசிக்கொண்டிருந்தார், நான் மணியைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அந்தக் காலத்துக் கண்ணாடித் தகட்டுக்கு நம்ம கண்ணு மாதிரி கிடையாதும்மா, நீலம் அதுக்கு வெள்ளையாத் தெரியும், அதனாலதான் பழைய படத்துல வானம் எப்பவும் வெள்ளைத் துணி மாதிரி இருக்கும், மஞ்சளும் சிவப்பும் கறுப்பாப் போயிரும். நான் ஆமாம் ஆமாம் என்றேன். என் வாயில் வருகிற ஆமாமுக்கு, சீக்கிரம் முடி என்று அர்த்தம், முப்பது வருஷமாக வேணுவுக்கு அது தெரியும், பாய்க்குத் தெரியாது, பாவம், விளக்கிக்கொண்டே இருந்தார். மஞ்சள் கறுப்பாகப் போய்விடும். சிவப்பும். அப்படியென்றால் மஞ்சள் பூசிய முகம் கறுப்பு, அந்த முகத்தின் மேல் வைத்த குங்குமமும் கறுப்பு, கறுப்பின் மேல் கறுப்பு, எப்படித் தெரியும். வெறும் நெற்றி என்று எழுதியிருக்கிறேன். நீலப் புடவை வெள்ளையாகத் தெரியும், கரை சிவப்பென்றால் கறுப்பாகத் தெரியும், கரை கறுப்பாகத்தான் இருக்கிறது, அதை மங்கிய கரை என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். நீலமா வெள்ளையா என்று சத்தியம் பண்ண முடியாது. ஆனால் மஞ்சள் பூசிய முகம். எந்த விதவை 1874-இல் முகத்துக்கு மஞ்சள் பூசிக்கொண்டு படம் எடுக்கப் போனாள். நல்ல நாள் என்று விடியலில் எழுந்து தேய்த்துக் குளித்து, பொட்டு வைத்து, இருப்பதில் நல்ல புடவையைக் கட்டிக்கொண்டு போயிருக்கிறாள், போன இடத்தில் அந்தக் கண்ணாடித் தகட்டுக்கு அவள் பூசியது ஒன்றும் கண்ணுக்குப் படவில்லை, நூற்றைம்பது வருஷம் கழித்து எனக்கும் படவில்லை. முகம் தெரியாத ஒரு ஆளை, ஒரு புருஷனை, நான் ஒரே வரியில் கொன்றுவிட்டேன். அவன் அப்போது வெளியே நின்று வெற்றிலை போட்டுக்கொண்டு, இன்னும் எத்தனை நேரமாகும் என்று கேட்டுக்கொண்டிருந்திருப்பான்.

வெறும் கழுத்து. கழுத்தை எங்கே பார்த்தேன் நான், தெரிவதே ஒரு விரற்கடை. அதில் ஒரு மயிரிழைக் கோடு. கோடு என்று எப்படி ஞாபகம் வருகிறது, இந்தத் தாளில் அப்படி எதுவும் இல்லையே. ஏனென்றால் நான் அழிக்கச் சொன்னேன். பாய் கம்ப்யூட்டரில் படத்தைப் பெரிதாக்கிக் காட்டி, கழுத்துல ஒரு கீறல் ஓடுதும்மா, இதை எடுத்துடட்டுமா என்றார், எடுங்க பாய், கீறலை வச்சுக்கிட்டு என்ன பண்றது என்றேன். ஒரு கையுறையைக் கழற்றிவிட்டு எழுந்திருக்கிறேன், கூடத்தில் சார்ஜில் கிடக்கிற போனை எடுக்கப் போகிறேன், பேப்பருக்குப் பின்னாலிருந்து வேணு, "முடிஞ்சுதா?" என்கிறார், "இல்ல" என்கிறேன், மறுபடி பின்பக்கம் வந்து உட்கார்ந்து, பாய் முதன்முதலில் அனுப்பிய, கை வைக்காத படத்தைத் தேடி எடுத்து இரண்டு விரலால் விரிக்கிறேன். இருக்கிறது. பிடரியிலிருந்து இறங்கி முந்தானைக்குள் போகிறது. இரண்டு பக்கமும், ஒரே அளவில், வளைந்து. கீறல் இப்படி ஒழுங்காக இரண்டு பக்கமும் சமமாக வளையாது, படத்தில் விழுந்த கீறல் கழுத்தோடு நின்றும் போகாது. மஞ்சள் கயிறு. கறுப்பாகத் தெரிகிற மஞ்சள் கயிறு. எடுங்க பாய் என்றேன். நான்தான் சொன்னேன், காபி வேண்டாம் என்று சொல்கிற மாதிரி சொன்னேன், அவரும் மவுஸை இரண்டு தடவை தட்டினார், போய்விட்டது.

யாருக்குத் தெரியப்போகிறது. இந்த நினைப்பு வராமல் இருக்குமா, வருகிறது, நன்றாகச் சம்மணம் போட்டு உட்காருகிறது. யாரும் கேட்கப்போவதில்லை. சொந்தக்காரர்கள் என்று வர ஆள் இல்லை, பேர் இருந்தாலல்லவா சொந்தம். அழைப்பிதழ் போய்ச் சேர்ந்துவிட்டது. கலெக்டர் அம்மா வாசிக்கும்போது முன்வரிசையில் என் மகள், பெங்களூரிலிருந்து லீவு போட்டுக்கொண்டு வருகிறாள், அம்மா என்னென்னமோ எழுதியிருக்காளாமே என்று பார்க்க. மஞ்சள் பூசியவள் என்று எழுதினால் அதை வாசித்து யார் அழப்போகிறார்கள், கடைசி வரியை என்ன செய்வது, இழப்பதற்கு ஒன்றும் இல்லாததால்தான் நேராகப் பார்க்கிறாள் என்பதை எங்கே கொண்டுபோய் ஒட்டுவது. நல்ல வரி. என் வாழ்க்கையில் நான் எழுதிய ஒரே நல்ல வரி. பேராசிரியர் பத்து பேர் கண்ணில் சோகத்தை வைத்தார், நான் கேலி பண்ணினேன், நான் ஒருத்தியின் தலையிலேயே தூக்கி வைத்திருக்கிறேன், என் சோகம் கொஞ்சம் நல்ல தமிழில் இருந்தது, அவ்வளவுதான் வித்தியாசம். அதற்கு மேல் சுகிர்தா. வளையல் எப்பிடிடி என்று ஒரே ஒரு கேள்விதான் கேட்டாள், அந்த ஒன்றுதான் சரியான கேள்வி. அவளிடம் போய்ச் சொல்ல வேண்டும். வெயில் முழங்கால் வரைக்கும் ஏறிவிட்டது. பதினொன்று முப்பத்தெட்டு. இப்படியே உட்கார்ந்தால் பன்னிரண்டு ஆகிவிடும், மெஷின் ஓடிவிடும், நான் தலையைக் கழுவிக்கொண்டிருந்தேன், அதனால் முடியவில்லை என்று எனக்கு நானே சொல்லிக்கொள்ளலாம், பிறகு நான்கு நாளில் திறப்பு விழா, பிறகு கைதட்டல், பிறகு அந்தப் பலகை கான்வென்ட் வராந்தாவில் நிரந்தரமாகத் தொங்கும், வருகிற ஒவ்வொரு குழந்தையும் படிக்கும், விதவை, விதவை, விதவை. உயிரோடு இருக்கிற ஒருத்தியை, எதிர்வீட்டு அம்மாவை, பொட்டு கண்ணுக்குத் தெரியவில்லை என்பதற்காக நான் அப்படிக் கூப்பிட்டிருந்தால் செருப்பைக் கழற்றியிருப்பாள். இவளால் எழுந்திருக்க முடியாது. முட்டுக் கம்பி கொடுத்து உட்கார்த்தி வைத்திருக்கிறார்கள்.

சுகிர்தா எடுத்துவிட்டாள், ஒரே ரிங்கில்.

"என்னடி ஹேமா, நான் பாய் கடையிலதான் நிக்கிறேன். கமா ஏதாச்சும் விட்டுப்போச்சா?"

"ஒன்பதாம் நம்பரை நிறுத்து."

"ஏன்?"

"அவ விதவை இல்லை."

அந்தப் பக்கம் மெஷின் இரைகிறது, யாரோ தாளை உதறுகிறார்கள். அவள் மெதுவாகக் கேட்க ஆரம்பிப்பதற்கு முன்னால் நானே கடகடவென்று சொல்கிறேன், முகம், பாதம், தாடைக்கோடு, மஞ்சள், நீலம், பாய் சொன்னது, நான் கேட்காதது, கயிறு, அதை அழிக்கச் சொன்னது. மூச்சு வாங்குகிறது.

"இரு, இரு. கயித்தையா அழிச்சே?"

"கீறல்னு நெனச்சேன்."

"படுபாவி."

"ஆமா."

"நான் வளையல் கேட்டப்பவே..."

"ஆமா. நீ கேட்டது சரி. நான் சொன்னது தப்பு."

"என்னது? மெஷின் சத்தத்துல விழலை."

"விழுந்துச்சு உனக்கு."

"சத்தியமா விழலைடி. இரு, ஸ்பீக்கர்ல போடறேன், பாயும் கேக்கட்டும்."

"நான் சொன்னது தப்பு!" என்று கத்துகிறேன், மதில் மேல் இருந்த காக்கை எழுந்து போகிறது, கூடத்தில் பேப்பர் மடங்குகிற சத்தம் கேட்கிறது. வேணு வாசற்படியில் வந்து நின்று என்னைப் பார்க்கிறார், முப்பது வருஷத்தில் இந்த வாக்கியத்தை என் வாயிலிருந்து அவர் கேட்டதில்லை, யாரிடம் சொல்கிறேன் என்று தெரிந்துகொள்ள ஆசை. போங்க என்று கையை ஆட்டுகிறேன். போகவில்லை.

சுகிர்தா சிரித்து முடிக்கட்டும் என்று காத்திருக்கிறேன். ரொம்ப நேரம் சிரிக்கவில்லை, அதற்கும் ஒரு நன்றி சொல்லலாம், சொல்லமாட்டேன். பாய் பின்னாலிருந்து, அசல் அப்படியே இருக்கும்மா, கயித்தைக் கொண்டுவந்துடலாம், பத்து நிமிஷம், என்கிறார். எழுத்து? என்கிறாள் சுகிர்தா. நான் சொல்லச் சொல்ல எழுதிக்கொள்கிறாள். பெயர் தெரியாத பெண். முகத்துக்கும் பாதத்துக்கும் மஞ்சள் பூசி வந்திருக்கிறாள். அந்தக் காலத்துக் கண்ணாடித் தகட்டில் மஞ்சளும் குங்குமமும் கறுப்பாகத்தான் விழும். கழுத்தில் தெரியும் கோடு கீறல் அல்ல.

"அப்புறம்?"

"அவ்வளவுதான்."

"அந்த நேராப் பாக்கறான்னு வருமே, அழுகை வர்ற வரி, அது?"

"அதை எடுத்துடு."

"ஹேமா, கார்டுல போட்டாச்சுடி. கலெக்டர் வாசிக்கப்போறாங்க."

"கலெக்டருக்கு நான் சொல்லிக்கறேன். சிஸ்டருக்கும் நானே சொல்லிக்கறேன்."

"குரூப்புக்கு?" என்கிறாள், மெதுவாக. அதுதானே. நாற்பது பேர். கண்ணாடி போட்டுப் பார் என்று எங்கே போட்டேனோ அங்கே. இப்போ சொல்லிட்டா பலகையோட போகும், இல்லாட்டி சுகிர்தா மாத்திட்டான்னு பேராகும், எனக்கு அந்தப் பேர் வேண்டாம்பா என்கிறாள். நியாயம்தான். வைத்துவிட்டு மற்ற கையுறையையும் கழற்றி, இரண்டு கட்டைவிரலாலும் அடிக்கிறேன். ஒன்பதாம் எண் பற்றி நான் எழுதியது பிழை. அவள் விதவை இல்லை. சுகிர்தா கேட்ட கேள்வி சரி, நான் அவளுக்குச் சொன்ன பதில் தப்பு, கண்ணாடி போட்டுக்கொள்ள வேண்டியவள் நான். அழுதவர்கள் எல்லோரும் மன்னிக்கவும். அனுப்பிவிட்டேன். வேணு இன்னும் வாசற்படியில்தான் நிற்கிறார், காபி டம்ளரோடு, நான் நிமிர்ந்து பார்த்ததும், "மணி பன்னிரண்டாகப் போகுது, தலை?" என்கிறார். ஆகட்டும். குழுவில் சிரிக்கிற பொம்மைகள் வர ஆரம்பித்துவிட்டன, ஒன்று, மூன்று, ஏழு, எங்கள் வகுப்பில் எதற்குமே வாய் திறக்காதவள் கூட ஒன்று போட்டிருக்கிறாள், எண்ணிக்கொண்டே வருகிறேன், எனக்கே சிரிப்பு வந்துவிடுகிறது, அடக்கவில்லை. எவ்வளவு லேசாக இருக்கிறது, இதை முன்னமே தெரிந்துகொண்டிருக்கலாம். போனைக் கீழே வைத்துவிட்டு ஒன்பதாம் எண் தாளை எடுத்து வெயிலில் பிடிக்கிறேன். அதே முகம், அதே நேர்ப் பார்வை. இழந்தவள் பார்க்கிற பார்வையாக இப்போது தெரியவில்லை. அடுப்பில் உலை வைத்துவிட்டு வந்திருப்பாள், விடியலில் தேய்த்த மஞ்சள் காய்ந்து முகத்தை இழுக்கிறது, இன்னும் எத்தனை நேரம்தான் இப்படி உட்கார்த்தி வைப்பாய் என்று கேமராவின் கறுப்புத் துணிக்குள் தலையை விட்டிருக்கிறவனை முறைக்கிறாள். இவளோடு என்னால் ஒரே தெருவில் குடியிருக்க முடியும் என்று தோன்றுகிறது, தினமும் சண்டை வரும். நல்ல வரி, பாய் மெஷினில் ஏற்ற இன்னும் நேரம் இருக்கிறது, சுகிர்தாவைக் கூப்பிட்டால் சேர்த்துவிடுவாள். கூப்பிடவில்லை. தாளை மற்றவற்றோடு வைத்துவிட்டுத் தலை கழுவப் போகிறேன்.